பூட்டிய நூலும் திறந்த இசைவும்

(புதுக்கோட்டையில் நடைபெற்ற தனித்தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

    

'உரிமை' என்னும் சொல்லை நம்மைப்போல் அடிக்கடி ஆள்வோர் இந்நாட்டில் வேறெவரும் இலர். மொழியுரிமை என்கிறோம், கல்வியுரிமை என்கிறோம், நாட்டுரிமை என்கிறோம். ஆனால், அதே சொல்லை ஈறாகக் கொண்ட இன்னொரு சொல், நாம் அச்சிடும் ஒவ்வொரு நூலின் இரண்டாம் பக்கத்திலும் ஒதுங்கிக் கிடக்கின்றது. 'பதிப்புரிமை' என்பதே அச்சொல். அதனைப் படிப்பாரும் இல்லை. அதன் பொருளைக் கேட்பாரும் இல்லை. ஒரு தமிழ்நூலை எவர் படியெடுக்கலாம், எவர் படியெடுக்கலாகாது என்பதையும், அந்நூலை அச்சுக்கோக்கும் கணினி மென்பொருளை எவர் ஆளலாம் என்பதையும் முடிவு செய்வது அச்சொல்தான். இன்று அதனைப்பற்றியே பேச விழைகின்றேன்.

இவ்வூரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் குடுமியான்மலை இருக்கின்றது. ஆங்குள்ள குடைவரைக்குப் பக்கத்தில், பாறைமீது ஏழாம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளதை நீங்கள் அறிவீர்கள். அதன் எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. அஃது ஏன் தமிழில் இல்லை என்று நாம் கேட்பது முறையே. ஆயினும், அதன் இறுதியில் அதனைச் செய்வித்த அரசன் கூறும் ஒரு கருத்தை நாம் மறுத்தற்கில்லை. மாணவர் நலங்கருதி இதனைச் செய்ததாக அவன் கூறுகின்றான். அதன்கீழ், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியவை என்னும் பொருளில் தமிழ்வரியும் ஒன்று உள்ளது. மலைக்கு வந்த எவனும் அதனைப் படித்தான். வேண்டியவன் ஓலையில் எழுதிக்கொண்டு போனான். அப் பாறைக்குப் பூட்டில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாறையில் எழுதியது இன்றும் இருக்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நம்மவர் தாளில் அச்சிட்டது இன்று இல்லை. இஃது ஏன் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

உடனே எவரும், "பதிப்புரிமைச் சட்டமே தீது, அதனைத் தூக்கி எறிக!" என்று முழங்க வேண்டா. எழுதுகின்றவனுக்கும் வயிறுண்டு. அவன் இரவு பகலாக உழைத்து ஆக்கிய நூலை வேறொருவன் அடித்து விற்றுப் பணங்குவித்தால், அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும். அவ்வகையில் 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தேவையானதே. ஆனால், அது காக்கும் கால அளவைப் பாருங்கள். ஆசிரியர் வாழ்நாள் முழுமையும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து மேலும் அறுபது ஆண்டுகளும் உரிமை நீள்கின்றது. முன்பு ஐம்பதாண்டு என்றிருந்ததை, 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் பொதுமையாகும் வேளை வந்தபோது, 1992-இல் அறுபதாண்டாக உயர்த்தினர்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மறைமலையடிகள் 1950-இல் மறைந்தார்கள். சட்டத்தின்படி அவர்கள் நூலுரிமை 2010-ஆம் ஆண்டின் இறுதிவரை செல்லும். மொழிஞாயிறு பாவாணர் 1981 சனவரியில் மறைந்தார்கள். அவர்கள் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்காதிருந்தால், 2041-ஆம் ஆண்டின் இறுதிவரை அவற்றை இசைவின்றி எவரும் அச்சிட முடியாது. நாட்டுடைமை ஆனதால் அவை பிழைத்தன. ஆனால், அவர்களைப் பின்பற்றிச் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்துகொண்டு, தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பாடல் தொகுதியும் இலக்கண விளக்கமும் சொல்லாய்வும் அச்சிட்டு வழங்கினார்களே, அவர்களின் நூல்கள் என்னாகும்? அவை அச்சான தாள் மட்டமான தாள். அதிலுள்ள காடி அதனையே தின்னும். முப்பது நாற்பது ஆண்டுகளில் பழுத்து நொறுங்கும். சட்டத்தின் பூட்டு திறக்குமுன் பெட்டிக்குள் இருக்கும் பொருள் பொடியாகிவிடும். இதுதான் நாம் எண்ண வேண்டிய இடம்.

இந்தப் பூட்டைத் திறந்த வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. அதனை நாம் பெருமையோடு சொல்லலாம். பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை, வடபுல வணிகர் ஒருவர் கைக்குப் போய், அவரிடமிருந்து 1940-களில் ஏவி. எம். மெய்யப்பனார் கைக்கு வந்தது. 1948-இல் வெளிவந்த 'பில்கணன்' என்னும் படத்தில் தி. க. சண்முகம் உடன்பிறப்பாளர் பாரதியார் பாடலைப் பயன்படுத்தியபோது சிக்கல் எழுந்தது. நாடே பாடிய பாடலைப் பாடுவதற்கு ஒருவரிடம் இசைவு கேட்க வேண்டுமா என்னும் வினா அறிஞர் நெஞ்சங்களில் மூண்டது. ஓமந்தூர் இராமசாமியார் முதல்வராக இருந்த 1949-இல், அப்பாடல்களின் உரிமையை அரசே ஏற்பது என்று முடிவாயிற்று. மெய்யப்பனார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் மகளிர் இருவர்க்கும் அரசு பணம் வழங்கியது. சில ஆண்டுகளில் அவ்வுரிமையை மக்களுக்கே அரசு திறந்துவிட்டது.

பாரதியாரின் மொழிநடையில் நமக்கு ஒவ்வாதன பல உண்டு, அவை வேறு. இந்நிகழ்ச்சியின் பாடத்தை மட்டும் கொள்க. அரசு அன்று அதைச் செய்யாதிருந்தால், அன்றிருந்த சட்டத்தின்படி 1971-ஆம் ஆண்டுவரை அப் பாடல்கள் ஒருவர் பெட்டியில் இருந்திருக்கும். ஒருவர் விட்டுக்கொடுத்தார், ஓர் அரசு விலைகொடுத்தது, ஒரு மொழியினம் பாடியது. அதன்பின் பாவேந்தர், திரு.வி.க. என இன்றுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழறிஞரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. இத்தகைய திட்டம் வைத்துள்ள தமிழ்நாட்டை மற்றை மாநிலத்தார் வியந்து பார்க்கின்றனர்.

ஆயினும் தோழர்களே! அரசின் கை எல்லார் வீட்டுக் கதவையும் தட்டாது. பெயர் பெற்றவர் பட்டியலில் ஏறுவர். பெயர் பெறாதவர் பரணில் கிடப்பர். அவர்தம் நூலை மறுபதிப்புச் செய்ய இன்று ஓர் இளைஞன் முன்வந்தால் என்ன நடக்கின்றது? ஆசிரியரின் மகனைத் தேடிப் போகின்றான். அவருக்குத் தந்தையின் நூலுக்குத் தாம் உரிமையர் என்பதே தெரியாது. மூன்று பிள்ளைகள் மூன்று ஊர்களில் இருப்பர். ஒருவர் இசைவார்; ஒருவர் வாய்திறவார்; மற்றொருவர் இருக்குமிடமே தெரியாது. இடையில் பழைய பதிப்பகத்தார், "உரிமை எங்களுடையது" என்பார். எழுத்தில் ஏதும் உண்டா என்றால் கைவிரிப்பார்.

இவ்விடத்தில் சட்டம் நமக்குத் துணை நிற்பதை அறிந்துகொள்ளுங்கள். உரிமையை ஒருவர்க்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருத்தல் வேண்டும் என்று 19-ஆம் பிரிவு கூறுகின்றது. வாய்ச்சொல் செல்லாது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாத மாற்றம் ஐந்தாண்டுக்கே உரியதாகும். தம் உரிமையை முற்றும் துறந்து பொதுமக்களுக்கே விட விரும்பும் ஆசிரியர், பதிப்புரிமைப் பதிவாளர்க்கு எழுதியோ பொது அறிவிப்பு வாயிலாகவோ அதனைச் செய்யலாம் என்று 21-ஆம் பிரிவு வழிகாட்டுகின்றது. உரிமையரைக் கண்டறிய முடியாத நூலுக்கு முறைப்படி விண்ணப்பித்து உரிமம் பெறவும் 31அ பிரிவு இடந்தருகின்றது. ஆனால், அது நெடிய வழி; செலவுடைய வழி. இருபது பக்கச் சிறுநூலுக்காக எவரும் அவ்வழி நடக்கமாட்டார்.

ஆகையால், மருந்து ஒன்றே. ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே, தம் நூலின் இரண்டாம் பக்கத்தில், தம் இசைவை எழுதிவிட வேண்டும். 'அனைத்துரிமையும் ஆசிரியர்க்கே' என்னும் வரியைப் பார்த்துப் பார்த்து நாமும் அச்சடித்துக்கொண்டிருக்கின்றோம். அவ்வரி நாம் எழுதாவிட்டாலும் சட்டம் அவ்வுரிமையைத் தந்தே தீரும். எழுத வேண்டியது பூட்டையன்று, திறவுகோலை!

அத்திறவுகோலை உலகம் முன்பே செய்து வைத்திருக்கின்றது. 2001-இல் தொடங்கப்பெற்ற 'கிரியேட்டிவ் காமன்சு' என்னும் அமைப்பு, பொதும உரிமங்கள் சிலவற்றை வகுத்தது. ஆக்கியோன் பெயரைச் சுட்டினால் போதும் என்பது ஒருவகை. பெயரைச் சுட்டுவதோடு, இதிலிருந்து ஆக்கும் புதிய நூலையும் இதே இசைவோடு வெளியிட வேண்டும் என்பது மற்றொருவகை. விற்று ஊதியம் பார்க்கலாகாது என்பது வேறொருவகை. திருத்தம் செய்யலாகாது என்பதும் உண்டு. உரிமையைக் கைவிடாமலே, இன்னின்னது செய்யலாம் என்று முன்கூட்டியே எல்லார்க்கும் இசைவு கொடுத்து வைப்பதே இதன் பொருள். வழக்கறிஞர் வேண்டா, முத்திரைத்தாள் வேண்டா, ஒரே ஒரு வரி போதும்.

இங்கே இரண்டு தடைகளை எழுப்புவர். "வணிகன் எடுத்து அச்சிட்டு விற்றுவிடுவானே!" என்பர். ஐந்நூறு படி அச்சிட்டு அதிலும் இருநூறு கட்டிலடியில் கிடக்கும் நூலை ஒரு வணிகன் ஆயிரம் படி விற்றுக்கொடுத்தால், கருத்துக்கு அது வாழ்வா? தாழ்வா? அதுவும் பிடிக்காதோர் 'விற்கலாகாது' என்னும் வகையை எழுதிக்கொள்ளட்டும். "நம் கருத்தைத் திரித்துவிடுவானே!" என்பர் வேறு சிலர். உரிமையை மாற்றிக் கொடுத்த பின்னும், தம் நூல் தம்முடையதே என்று கூறவும், தம் மதிப்புக்குக் கேடாக அதனைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியர்க்கு உள்ள உரிமை 57-ஆம் பிரிவின்படி நீங்காது. எனவே அச்சத்துக்கு இடமில்லை.

ஒரு படியே இருக்கும் நூல் என்னாகும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டா. 1981 மே முடிந்து சூன் பிறந்த அவ்விரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எரித்தவனைப் பழிக்கின்றோம், பழிக்கத்தான் வேண்டும். ஆனால், பழிப்பதோடு நின்றால் போதுமா? ஓரிடத்தில் எரித்தாலும் ஓராயிரம் இடத்தில் இருக்குமாறு செய்வதன்றோ அறிவு! அந்த ஈழத்திலிருந்துதான் 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகம் எழுந்தது. அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர் கூலியின்றித் தட்டச்சுச் செய்து, பதிப்புரிமைத் தடையில்லாத நூல்களை வலையேற்றினர். பின்னர்த் தமிழ்நாட்டரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் துணைநிற்க, நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 'விக்கிமூலம்' சென்று சேர்ந்தன. இவையெல்லாம் திருட்டால் நடந்தவை அல்ல, இசைவால் நடந்தவை. இசைவு இருந்த நூல் கடல் கடந்தது. இசைவு இல்லாத நூல் அலமாரியில் நின்றது.

இவ்வூரிலேயே பாருங்கள். திருக்கோகர்ணத்தில் 'ஞானாலயா' நூலகம் உள்ளது. கிருட்டிணமூர்த்தி–தோரதி இணையர் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தேடித் தொகுத்த பல்லாயிரம் நூல்களும் இதழ்களும் ஆங்கு இருக்கின்றன. ஆய்வு மாணவர் பலர்க்கு அது தாய்வீடு. தனியொரு குடும்பம் இத்துணை காத்தது எனில், நாம் செய்ய வேண்டியது என்ன? இத்தகைய நூலகத்திலுள்ள ஒவ்வொரு நூலுக்கும் உரிமையர் யாவர் எனத் தேடி, அவரிடம் எழுத்தில் இசைவு வாங்கித் தருவதன்றோ! தாளைக் காக்கும் பணியை அவர்கள் செய்கின்றார்கள். பூட்டைத் திறக்கும் பணி நமக்குரியது.

இனி மென்பொருளுக்கு வருவோம். நூலுக்குக் கூறிய சட்டமே மென்பொருளுக்கும் உரியது. 1984-இல் செய்த திருத்தத்தால் கணினி நிரலும் 'இலக்கியப் படைப்பு' என்னும் தலைப்புக்குள் அடங்கிற்று. இசைவில்லாப் படி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் ஆள்வோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலக்கம் உருபா வரை தண்டமும் உண்டு என்று 63ஆ பிரிவு கூறுகின்றது. வணிக ஊதியத்துக்காக அன்றெனின், சிறையை விட்டுத் தண்டம் மட்டும் விதிக்க வழக்குமன்றத்துக்கு இடமுண்டு. இதனை அச்சுறுத்தற்காகக் கூறவில்லை. நம் இதழும் துண்டறிக்கையும் அச்சாகும் அச்சகங்கள் பலவற்றில், விலைகொடாத மென்பொருட்படி ஓடுவது ஊரறிந்த செய்தி. பிறன்மொழிக்கு அடிமையாகோம் என்னும் முழக்கத்தைப் பிறன்பொருளைக் கவர்ந்து அச்சிடலாமா? திருடி ஆள்பவன் அப்பொருளுக்கு அடிமைதான். விலைகொடுக்காத அடிமை, அவ்வளவே.

விலைகொடுக்க இயலாதவர்க்கு நேர்வழி ஒன்று உண்டு. 1983-இல் இரிச்சர்டு சுடால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் அது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எவ்வாறு இயங்குகின்றது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என நான்கு உரிமைகளை அது தருகின்றது. 1989-இல் வெளிவந்த அதன் பொதுமக்கள் உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தை மீறவில்லை. அச்சட்டத்தின்மீதே ஏறி நிற்கின்றது. ஆக்கியவன் தன் உரிமையைக் கொண்டே, "நீயும் பிறர்க்கு இவ்வுரிமையை மறுக்காதே" என்று கட்டளையிடுகின்றான். 1991-இல் பிறந்த இலினக்சு இவ்வுரிமத்தால்தான் உலகெங்கும் பரவிற்று. அண்டையிலுள்ள கேரளம் தன் அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடத்தைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகின்றது.

தமிழுக்கு இதில் என்ன ஊதியம்? பூட்டிய மென்பொருளைத் தமிழில் தருவதா வேண்டாவா என்பதை அந்நிறுவனம் முடிவு செய்யும், விற்குமானால் தரும், விற்காதெனின் நிறுத்தும். கட்டற்ற மென்பொருளை நாமே தமிழாக்கலாம். எவர் காலிலும் விழ வேண்டா. இலிபிரே ஆபீசு என்னும் அலுவலக மென்பொருளும் பயர்பாக்சு உலாவியும் தமிழ்முகத்தோடு வருவது அத்தகைய தொண்டர் உழைப்பால்தான். விசைப்பலகைக்கு 'எ-கலப்பை' என்னும் மென்பொருளைத் தமிழர் சிலர் ஆக்கி, எல்லார்க்கும் விலையின்றித் தந்தனர். ஓசூரிலுள்ள இளைஞன் 'கோப்பு' என்று எழுதினால், ஒட்டாவாவிலுள்ள தமிழ்க்குழந்தை திரையில் 'கோப்பு' என்று படிக்கும். கலைச்சொல்லாக்கம் பற்றி மேடையில் பேசுவோர்க்கு இதனினும் சிறந்த களம் எது?

எழுத்துருவும் அவ்வாறே. 1990-களில் எழுத்துரு விற்றவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டு முறையை வைத்தனர். ஒருவர் எழுத்துருவில் எழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரிந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு விசைப்பலகையை ஒழுங்கு செய்தது. 2010-இல் ஒருங்குறியை அரசாணையால் ஏற்றது. ஆயினும், அக்காலத்தில் அச்சுக்கோத்த நூற்கோப்புகள் இன்றும் பழைய குறியீட்டில் முடங்கிக் கிடக்கின்றன. தமிழில் எழுதிய தமிழைத் தேடினால் தமிழ் கிடைக்கவில்லை! இன்று 'நோட்டோ' முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. அவற்றை அச்சிடவும் திருத்தவும் வழங்கவும் தடையில்லை. இனியும் பூட்டிய எழுத்துருவில் எழுதுவது, நம் பேரர்க்குப் படிக்கவொண்ணா ஓலை விட்டுச்செல்வதாகும்.

ஆதலால், உங்கள் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன்.

ஒன்று: இனி நாம் வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் இதழிலும், 'இதனை எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம், மின்னூலாக்கலாம், ஆசிரியர் பெயரைச் சுட்டுக, இதிலிருந்து ஆக்குவதையும் இதே இசைவோடு வெளியிடுக' என்று தெளிவாக அச்சிடுவோம். உரிமத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் சேர்த்தே குறிப்போம்.

இரண்டு: புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி முதல் பொன்னமராவதி வரை வாழும் முதிய தமிழாசிரியர், பாவலர் ஒவ்வொருவரையும் நேரிற் சென்று காண்போம். அவர்தம் நூற்பட்டியலை எடுப்போம். அவர் கையெழுத்தோடு இசைவுமடல் பெறுவோம். மறைந்தோர் எனின், கால்வழியினர் அனைவரிடமும் பெறுவோம். ஒரு படியை நூலகத்தில் வைப்போம். ஒரு படியை மின்னூலாக்குவோம்.

மூன்று: நம் பணிமனைகளிலும் நாம் வேலை கொடுக்கும் அச்சகங்களிலும் முறையான மென்பொருளையே ஆள்வோம். பணமிருப்பின் விலைகொடுப்போம், இல்லையெனின் கட்டற்றதை ஏற்போம். எழுதுவதெல்லாம் ஒருங்குறியில் எழுதுவோம்.

இறுதியாக ஒன்று. பொதுமேடையில் ஆற்றும் உரைக்கு முதல் உரிமையர், மேடை அமைத்தவரல்லர், ஒலிப்பதிவு செய்தவரல்லர், பேசியவரே என்பது 17-ஆம் பிரிவு. அதன்படி இவ்வுரைக்கு உரிமையன் யான். அவ்வுரிமையைக் கொண்டே சொல்கின்றேன்: இதனை எவரும் படியெடுக்கலாம், அச்சிடலாம், ஒலிநாடாவிலும் குறுவட்டிலும் பகிரலாம், குறை கண்டால் மறுத்தெழுதலாம். பேசியவன் பெயரை மட்டும் விடாது குறியுங்கள். இவ்விசைவை அச்சிட்டே இதனை வெளியிடுமாறு இதழாசிரியரை வேண்டிக்கொள்கின்றேன்.

உரிமை கேட்பவன், தன் கையிலுள்ள உரிமையை முதலில் பிறர்க்கு வழங்கிக் காட்டட்டும்! வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!